தலைச்சன்

"தம்பி, நீங்க வூட்டுக்கு மூத்த புள்ளையா?"

தியாகதுருகம் கோட்டை மலையின் உச்சியில், பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பெரியவர் கேட்டதும் கார் டிரைவர் தமிழ்வேந்தன் ஓரடி தள்ளி நின்றான். முன்னால் பீரங்கி இருக்கிறது, பின்னால் பழைய மதில் இருக்கிறது. இவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஏறி வந்த மனுஷன் ஒன்றையும் பார்க்கவில்லை. இவனைத்தான் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்தே ஆள் சரியில்லை. கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் ஐந்து கார்கள் வரிசையாக நிற்க, அத்தனையையும் தாண்டிக் கடைசியில் நின்ற இவன் காரில் வந்து ஏறினார்.

"ஊர் ஊரா போயி பழைய கோட்டை, புதுசா கட்டின பெரிய பெரிய கட்டடம் எல்லாம் பாக்கறதுதான் தம்பி நமக்குப் பொழுதுபோக்கு," என்றார். சரி, போட்டோ எடுப்பார் என்று பார்த்தால் போனைக்கூட வெளியே எடுக்கவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை மட்டும்தான்.

முதலில் பைபாஸ் ஓரத்துப் புது மண்டபத்துக்கு விடச் சொன்னார். கப்பல் மாதிரி வளைந்து, முகப்பெல்லாம் கண்ணாடியாக நிற்கிற கட்டடம். பஸ்ஸில் போகிறவர்கள் தூங்குகிறவனை எழுப்பிக் காட்டுவார்கள். அதை வெளியே நின்று வாய் பிளந்து பார்ப்பதுதானே முறை? இவர் நேராக உள்ளே போய் மேனேஜரிடம் குசுகுசு என்று பேசினார். மேனேஜர் காலண்டரைப் புரட்டினார். பிறகு கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு பேரும் ஒருசேர இவனைப் பார்த்தார்கள்.

காலண்டரில் அப்படி என்னத்தைத் தேடினார்கள்? அமாவாசையையா?

"கேக்கறேனே தம்பி, மூத்தவரா?"

ஸ்டாண்டில் கூட கார் ஓட்டும் ஆதிமூலம் அண்ணன் அளந்த கதை அப்போதுதான் சுரீர் என்று நினைவுக்கு வந்தது. கோட்டைப் புதையல் சும்மா கிடைக்காதாம். தலைச்சன் பிள்ளையாக, கல்யாணம் ஆகாதவனாக, உடம்பில் ஒரு குறையும் இல்லாதவனாக ஒருத்தனைக் காவு கொடுத்தால்தான் பூதம் வழி விடுமாம். அண்ணன் சொல்வதில் பாதி புளுகு. மீதிப் பாதியை நினைத்துத்தான் இப்போது வேர்த்தது. வீட்டுக்குத் தலைச்சன் அவன்தான். முப்பத்திரண்டு வயதாகியும் பெண் அமையவில்லை; அம்மா வேண்டாத சாமி பாக்கியில்லை. காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை. பூதம் கேட்கிற பொருத்தம் அத்தனையும் அவனுக்கு இருந்தது.

"இல்லீங்க, நான் நாலாவது," என்றான்.

பெரியவர் முகம் சுருங்கியது. "நாலாவதா? மூத்தவருன்னு இல்ல சொன்னாங்க."

"யாருங்க சொன்னாங்க?"

"யாரோ சொன்னாங்க. சரி, நட்சத்திரம் இன்னா?"

"அதெல்லாம் எங்க வூட்ல எழுதி வெக்கலீங்க."

"உடம்பு கிடம்பு நல்லாகீதா?"

"எங்கங்க? சக்கரை, மூலம், முட்டி வலி. மாத்திரைலதான் வண்டி ஓடுது."

"குடிப்பியா?"

ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. டீ, காபிகூடத் தொடாதவன் துணிந்து சொன்னான். "தினமும் ஒரு குவாட்டர் இல்லாம முடியாதுங்க."

பெரியவர் மஞ்சள் பைக்குள் கையை விட்டார். எலுமிச்சம்பழம் வெளியே வந்தது. அடுத்து ஒரு குங்குமப் பொட்டலம்.

"காலைல திருநாவலூர் கோயில்ல குடுத்தது. நெத்தில வெச்சிக்கோ. இனிமேலாச்சும் நல்ல புத்தி வரட்டும்."

ஆட்டுக்கும் முதலில் இதைத்தான் வைப்பார்கள். தமிழ்வேந்தனின் கால்கள் தாமாகப் பின்னால் நகர்ந்தன. முதுகு மதிலில் இடித்தது. அதற்கு அந்தப் பக்கம் பாதாளம். இனி வேறு வழியில்லை என்று கடைசிப் பொய்யையும் எடுத்து வீசினான்.

"அய்யா, எனக்குக் கண்ணாலம் ஆயி ஆறு வருசம் ஆவுதுங்க! ரெண்டு புள்ளைங்க. பெரியவ ஒண்ணாவது படிக்கிது. சின்னவன் இப்பதான் நடக்கறான். என்ன வுட்டுடுங்க!"

பொட்டலம் பெரியவர் கையிலிருந்து நழுவி, பாறையெல்லாம் சிவப்பாகக் கொட்டியது.

"ரெண்டு புள்ளைங்களா? சத்தியமா?"

"அந்தப் புள்ளைங்க மேல சத்தியமா!"

இல்லாத பிள்ளைகள் மேல் சத்தியம் செய்ய அவனுக்கு என்ன பயம்?

அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட அவர் கோட்டையில் நிற்கவில்லை. விடுவிடுவென்று படி இறங்கினார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வாடகையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

தமிழ்வேந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டாண்டுப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, ஆதிமூலம் அண்ணனுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தான். அண்ணன் மட்டும் அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் தலை இருந்திருக்குமா? நிம்மதியாக சீட்டில் சாய்ந்தபோது போன் அடித்தது. அம்மா சாலம்மாள்.

"அடப்பாவி! தரகரு உனக்குப் பாத்த பொண்ணோட தாய்மாமன் யாருக்கும் தெரியாம உன்ன விசாரிக்கறதுக்கு இன்னிக்கி உன் வண்டியிலயே வந்தாராமே! உன்னப் பாத்ததும் புடிச்சிப்போயி, மண்டபத்துல தை மாசத்துக்கு நாள்கூட கேட்டு வெச்சாராமே!" அம்மாவின் அழுகையில் போனே நடுங்கியது. "இப்ப தரகருக்குப் போன் போட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கறாரு. உண்மையச் சொல்லுடா, யாருடா அவ? என் பேரப்புள்ளைங்க ரெண்டு பேரையும் எங்கடா ஒளிச்சி வெச்சினு இருக்கற?"