ஏழாவது கம்பத்துச் சைரன்

"வந்துடுச்சு மேடம், இந்த மாசத்துக் காதுவலி!"

மெக்கானிக் ஸ்பேனர் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஸ்பேனர்தான்.

அணைக்கட்டு அலுவலகத்துக்கு அவள் இன்ஜினீயராக வந்து நாலு மாதம். நாலு மாதமும் அதே கடிதம், அதே முத்து முத்தான கையெழுத்து.

'ஐயா, மாதத்தின் முதல் திங்கட்கிழமை சோதனைக்காக ஊதும் சைரன் சத்தம் தாங்க முடியவில்லை. காது வலிக்கிறது. உடனே ஆள் அனுப்பிச் சரிபார்க்கவும். இப்படிக்கு, கடைசித் தெருத் தையல்காரர்.'

"மதகைத் திறக்கறதுக்கு முன்னாடி ஜனங்களை எச்சரிக்கறதுக்காக வெச்ச சைரன் இது. மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நிமிஷம் ஊதிப் பார்க்கறோம். அதுகூடப் பொறுக்கலையா இந்த மனுஷனுக்கு?"

"ஏழு தெருவுல ஏழு கம்பம் இருக்கு மேடம். மத்த ஆறு தெருவும் வாயே திறக்கலை. இவருக்கு மட்டும் ராஜா வீட்டுக் காது!"

சத்தம் பற்றிப் புகார் வந்தால் மூன்று நாளுக்குள் ஆள் போய்ப் பார்த்துப் பதில் எழுத வேண்டும் என்பது விதி. அதனால் மாதா மாதம் ஸ்பேனர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்கு நடையாய் நடந்தார்.

இந்த முறை மேலதிகாரிக்கே அலுத்துவிட்டது. புகார் கொடுத்தவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்த ஒரு சைரனை மட்டும் கழற்றிவிடும்படி உத்தரவே போட்டுவிட்டார்.

"வாங்க, இன்னிக்கே அந்தச் சைரனுக்குச் சங்கு ஊதிடலாம்" என்று அவள் ஜீப்பில் ஏறினாள். அணை நிரம்ப இன்னும் நாலே அடி. எந்த நேரமும் மதகைத் திறக்க வேண்டியிருக்கும். ஆயிரம் வேலை கிடக்கிறது, இதில் இது வேறு.

தையல்காரர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அணைக்கட்டு ஆபீஸ்லேருந்து வர்றோம்."

திரும்பவில்லை.

"சார்!"

மெஷின் பாட்டுக்குக் கடகடவென்று ஓடியது.

"எப்பவும் இப்படித்தான் மேடம்" என்று ஸ்பேனர் முணுமுணுத்தார். "நான் கம்பத்துல ஏறி இறங்கி, வேர்த்து விறுவிறுத்துப் போவேன். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார். அவ்வளவு திமிரு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லவேளை, உள்ளேயிருந்து அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்கம்மா, உட்காருங்க."

"உட்கார நேரமில்லைங்க. நல்ல சேதிதான். உங்க வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டார். இதுல ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. உங்க தெருச் சைரனைக் கழட்டிடறோம்."

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, கழட்டிடாதீங்கம்மா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"நீங்கதானே சத்தம் தாங்கலைன்னு மாசா மாசம் எழுதறீங்க?"

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார். பிறகு, திருட்டில் மாட்டிக்கொண்டவர்போல் சொல்ல ஆரம்பித்தார்.

"மூணு வருஷம் முன்னாடி இந்தச் சைரன் செத்துக் கிடந்துச்சும்மா. 'ஊதவே மாட்டேங்குது'ன்னு எழுதிப் போட்டோம். ஒண்ணு ரெண்டு இல்லை, ஒன்பது கடுதாசி. பரிசீலனையில் இருக்குன்னு ஒன்பது பதில் வந்துச்சு. ஆள் வரலை. அப்புறம் அந்தப் பெரிய மழையில மதகைத் திறந்தீங்க. மத்த ஆறு தெருவும் சைரன் கேட்டு மேட்டுக்குப் போயிடுச்சு. நாங்க ஒண்ணும் தெரியாம சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி! எதிர்வீட்டுப் பிள்ளைத்தாச்சியைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு ஓடினோம். தாயும் பிள்ளையும் பொழைச்சது ஏதோ நல்ல நேரம்."

அவள் கையிலிருந்த உத்தரவை மெல்ல மடித்தாள்.

"அதுக்கப்புறம்தான் இவர் யோசிச்சார். ஊதலைன்னு எழுதினா யாரும் எட்டிப் பார்க்கறதில்லை. சத்தம் ஜாஸ்தின்னு எழுதினா மூணாம் நாளே ஏணியோட ஆள் வந்துடறார். பேட்டரியைப் பார்க்கறார், குளவிக்கூட்டைக் கலைக்கறார், துடைச்சு வெச்சுட்டுப் போறார். மூணு வருஷமா ஒரு மாசம்கூட இது மக்கர் பண்ணலை."

ஸ்பேனருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆமா மேடம், போன மாசம்கூட எலி ஒயரைக் கடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. நல்லவேளை, பார்த்துட்டேன். மத்த ஆறு கம்பத்துப் பக்கம் நான் போனதே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, மடித்த உத்தரவின் பின்பக்கத்திலேயே எழுதினாள்: 'புகார் நியாயமானது. ஏழு சைரன்களையும் மாதந்தோறும் கழற்றிப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.'

"நாளையிலேருந்து ஏணி ஏழு தெருவுக்கும் போகுது" என்றாள். ஸ்பேனர் முகம் தொங்கினாலும் தலை ஆடியது.

"உங்க வீட்டுக்காரரை நிறுத்தாம எழுதச் சொல்லுங்க. அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் காரமாவே எழுதட்டும்."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். வந்தபோது இருந்த எரிச்சலெல்லாம் போய், அவளுக்கும் மனசு நிறைந்திருந்தது. படியிறங்கப் போனவள் நின்று திரும்பினாள்.

"ரொம்ப நன்றி சார்!" என்றாள், அந்த முதுகைப் பார்த்து.

மெஷின் நிற்கவில்லை.

"இன்னும் எங்க ஆபீஸ்மேல கோபமாங்க அவருக்கு?"

"அட, கோபமெல்லாம் இல்லைம்மா. தோளைத் தொட்டுச் சொல்லுங்க. பொறந்ததுலேருந்தே அவருக்குக் காது கேக்காது."