உள்தாழ்ப்பாள்

பெற்ற பிள்ளையையே நம்பாத காலமாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் உள்ளறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்ற, பூட்டு வேலைக்காரனான என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? போனில் பேசிய பெண்குரல் விலாசத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

கதவைத் திறந்த அம்மா காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆபீஸ் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவு வேலை என்றேன். சரியாகக் காதில் வாங்காமலே அந்த அறையைக் கைகாட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

அறை வாசலில் மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு. தொட்ட மாதிரி தெரியவில்லை.

தட்டியதும் திறந்தது ஒரு பதினாறு வயதுப் பெண். வேகிற வெயிலில், விரல் நுனிவரை இழுத்துவிட்ட முழுக்கைச் சட்டை. கத்தும், கதவை மறித்துக்கொண்டு நிற்கும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அது கட்டிலில் போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்தது.

தாழ்ப்பாளின் திருகாணிகளை யாரோ ஏற்கெனவே நோண்டியிருந்தார்கள். தலையெல்லாம் தேய்ந்து, திருப்புளி வழுக்கியது. மேஜைமேல் நுனி வளைந்த கரண்டி ஒன்று கிடந்தது. பெண் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து அம்மாதான் முயன்றிருக்க வேண்டும்.

"அம்மா மேல கோவமா பாப்பா?"

"இல்ல தாத்தா."

"உன்னைப் பாக்க சிநேகிதப் பொண்ணுங்க யாரும் வரமாட்டாங்களா?"

"யாரும் இல்ல."

தாழ்ப்பாள் ஒருவழியாகக் கையோடு வந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார். யார் கழற்றச் சொன்னது என்று என்மேல் பாய்ந்தார். பெண் கேட்டாளே என்று அவரே போட்டுக் கொடுத்ததாம். அவள் தனிமையில் இந்த வீட்டில் யாரும் தலையிடுவதில்லையாம்.

நீங்கள்தானே போன் செய்தீர்கள் என்றேன். நான் எங்கே செய்தேன் என்றார்.

பெண் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டது. குரலில் அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை.

"நான்தாம்மா கூப்பிட்டேன். உள்ள தாழ் போட்டுட்டா, என்னையே என்னால நம்ப முடியல."

அம்மா அந்தச் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சாமான்களை எடுத்து வைத்தேன். கடைசியில், தாழ்ப்பாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். பிறகு வேண்டியிருக்குமாம்.

அதை என் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லை.