ஐந்து மணிக்குள்

"அஞ்சு மணிக்குள்ள அங்க இருக்கணும். ஞாபகம் இருக்கில்ல?" ஜிங்வென் உதடு அசையாமல் கேட்டாள்.

"இருக்கு." போயுவான் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

கோயில் வாசலில் நாலு படி மேலே ஊதுபத்திக் கட்டோடு அவன் அம்மா ஏறிக்கொண்டிருந்தாள். மகன் சீனத் துறைமுக நகரமான சுவான்சோவில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது; வேலைக்காகப் பாதி நாள் பக்கத்து ஊர் ஷியாமெனில்தான் இருப்பான். கோயில், பழைய தெரு, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று காலை பஸ்ஸில் வந்திருந்தாள். ஏழு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

மகனும் மருமகளும் பிரியப்போவது அவளுக்குத் தெரியாது.

விவாகரத்துக்கு மனு கொடுத்து, யோசித்துப் பார்க்கச் சட்டம் தந்த முப்பது நாளும் போய், அதற்கடுத்த முப்பதிலும் இன்றுதான் கடைசி நாள். இருவரும் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போனால் பிரிவு உறுதியாகும். போகாவிட்டால் மனு செல்லாது. "உங்கம்மா முன்னாடி வேண்டாம். சாயங்காலம் நைசா போயிட்டு வந்துடலாம்" என்று ஜிங்வென்தான் சொல்லியிருந்தாள்.

கடலம்மன் சன்னதியில் அம்மா மண்டியிட்டு, பிறை வடிவக் குறிக்கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தாள். "தாயே, இந்த வருஷமாவது இதுங்க ரெண்டும் ஒரே ஊர்ல இருக்குமா? ஒரு வழி சொல்லு."

கட்டைகள் இரண்டும் மல்லாந்து விழுந்தன. ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால்தான் சம்மதம்.

"அம்மன் சிரிக்கிறாளாம்! நான் என்ன ஜோக்கா சொன்னேன்?" அம்மா மறுபடி வீசினாள். மறுபடியும் அதே.

"அத்தை, அம்மனுக்கு வேற வேலை இருக்காதா? வாங்க, நேரமாச்சு" என்றாள் ஜிங்வென்.

"இன்னொரு தடவை போட்டுப் பாரும்மா" என்றான் போயுவான். ஜிங்வென் அவனை முறைத்தாள்.

மேற்குத் தெருவில் கூட்டம் நெரிந்தது. தலை முழுக்கப் பூச்சூட்டிவிடும் கடை ஒன்றின் வாசலில் அம்மா நின்றுவிட்டாள். "இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்று சொன்னபடியே நாற்காலியில் உட்கார்ந்தும் விட்டாள்.

"நல்லா நிதானமா வெச்சு விடுங்க" என்று போயுவான் கடைக்காரியிடம் சொன்னான்.

முக்கால் மணி நேரம் போனது. அடுத்துச் சிப்பி ஆம்லெட். இரண்டு கடை காலியாகக் கிடக்க, தெருமுனை வரை வரிசை நின்ற மூன்றாவது கடைக்குப் போய் அவன் நின்றான்.

ஜிங்வென் பக்கத்தில் வந்தாள். "வேணும்னே பண்றியா?"

"இங்கதான் ருசியா இருக்கும்."

"எனக்கு ஆபரேஷன் அன்னிக்கு இந்தப் பொறுமை எங்க போச்சு? ஷியாமென்ல உக்காந்துக்கிட்டு போனைக்கூட எடுக்கலையே?"

அவன் வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் அவள் மனுவை நீட்டியபோதும் இப்படித்தான், ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டான். இன்று நேரத்தைக் கடத்துவதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது மணி நாலேகால். கடலடியிலிருந்து எடுத்த பழைய மரக்கப்பல் முன்னால் அம்மா நின்று, ஒவ்வொரு பலகையையும் எண்ணத் தொடங்கினாள். போயுவான் மனதுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டான். இன்னும் அரைமணி. அப்புறம் எப்படி ஓடினாலும் போய்ச் சேர முடியாது.

அப்போதுதான் ஜிங்வென்னைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி நின்றாள். கைப்பை வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

அவனுக்குள் ஏதோ அறுந்தது. இவ்வளவு தவிக்கிறாள். அவளைப் பிடித்து வைக்க நான் யார்?

"அம்மா, ஒரு அவசர வேலை. ஒரு மணி நேரத்துல வந்துடறோம். இங்கயே இரு."

"போங்க போங்க. கப்பல் எங்கயும் ஓடிடாது."

அவன் ஜிங்வென்னின் கையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"இப்ப எங்க?"

"எங்கயா? அஞ்சு மணிக்குள்ள போக வேண்டாமா? ஏறு."

வாசலில் எடுத்த வாடகை மின்ஸ்கூட்டர் சந்து சந்தாகப் புகுந்து பறந்தது.

"மெதுவாப் போ, போயுவான்!"

"நேரமில்ல!"

ஒரு சிக்னலில் நின்றபோது, தெருவைப் பார்த்தபடியே அவன் சொன்னான். "காலையிலேருந்து வேணும்னேதான் இழுத்தடிச்சேன். உன்னை விட மனசு வரல. அன்னிக்கு போனை எடுக்காதது என் தப்பு. கையெழுத்துப் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. ஆனா நீ கேட்ட ஒண்ணையாவது நேரத்துக்குச் செஞ்சு குடுக்கணும்ல."

பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்திருந்த கை இறுகியது.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பதிவு அலுவலகம் வந்து சேர்ந்தார்கள். கேட் பூட்டியிருந்தது.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கே!" போயுவான் கேட்டை இரண்டு கையாலும் தட்டினான். "யாராவது இருக்கீங்களா? இன்னிக்குத்தான் கடைசி நாள்! தயவு செஞ்சு திறங்க!"

"விடு, போகலாம்" என்றாள் ஜிங்வென்.

"இரு. நான் பேசறேன்." மறுபடி தட்டினான்.

காவலாளி தேநீர்க் குவளையோடு வெளியே வந்தார். "ஏம்ப்பா கேட்டை உடைக்கிற? கரண்ட் வேலை நடக்குது. மத்தியானத்தோட மூடியாச்சு. நோட்டீஸ் ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?"

சொல்லிக்கொண்டே வந்தவர் அவனுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் நின்றார்.

"அட, நீங்களா? நேத்து இந்த நோட்டீசைப் படிச்சிட்டு, 'மத்தியானத்துக்கு மேல யார் வந்தாலும் திறக்க மாட்டீங்கதானே?'ன்னு ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுப் போனீங்களேம்மா!"