முதல் மரியாதை கேட்ட போல்ட்

கரண்டை நிறுத்தி, ஆலைப் பம்பைக் கழற்றித் துடைத்து, மறுபடி மூடுகிற நேரம். "முதல் மரியாதை எனக்குத்தான்! என்னை முழுசா முறுக்கிட்டு அப்புறம் மத்தவனைத் தொடு" என்று ஸ்பேனரிடம் அடம்பிடித்தது மூடியின் மூத்த போல்ட். நம்பாதவர்கள் எந்தப் பம்பிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

"அண்ணே, எதிரும் புதிருமா எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குங்க. மூடி சாஞ்சா நான் கிழிஞ்சிருவேன்" என்று கெஞ்சியது தண்ணீர் கசியாமல் அடைக்க மூடிக்கு அடியில் கிடந்த கேஸ்கட்.

"அட்டைத் துண்டுக்கெல்லாம் பேச்சா!" என்றது போல்ட். அது சொன்னபடியே முறுக்கியது ஸ்பேனர்.

பம்பை ஓட்டியதும் எதிர்ப்பக்கம் தண்ணீர் பீறிட்டது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார்கள். கிழிந்த கேஸ்கட் குப்பைக்கூடைக்குப் போனது. அந்த இடத்தில் புதிய கேஸ்கட் வந்து படுத்தது.

"அண்ணே, உங்களுக்குத்தானே முதல்ல?" என்றது ஸ்பேனர்.

போல்ட் கூடையைப் பார்த்தது. "எனக்கு லேசா ஒரு முறுக்கு போதும். எதிர்ல இருக்கிறவன்கிட்டப் போ."

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசுண்ணே!" என்றது புதிய கேஸ்கட்.

போல்ட் மறுபடி கூடையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சமாக இறங்கியது.