ஆட்டுக் கொட்டகையில் தீ

மின்னல் நேராக வைக்கோல் போரில் விழுந்தது.

செல்போன் திரையில் என் ஊர் பற்றிக்கொண்டது. அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம். கல்யாணமாகி வளவனூர் வந்தபின் பகலெல்லாம் பேச்சுத்துணை இல்லாமல் நான் வாடுவதைப் பார்த்து, என் கணவர் ராஜசேகர் இந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தார். காட்டைத் திருத்தி, கிணறு வெட்டி, ஆடு மாடு வளர்த்து ஓர் ஊரை உண்டாக்க வேண்டும். அதற்குப் புதுத் திண்டிவனம் என்று பெயர் வைத்தேன்.

கொஞ்ச நாளில் கூட விளையாட ஒருவர் வந்து சேர்ந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். சென்னையில் எங்கோ கல்லூரியில் படிக்கிற யாரோ என்று நினைத்தேன். அதிகம் எழுத மாட்டார். நான் பாதியில் விட்ட வேலிகளை எல்லாம் கட்டி முடித்திருப்பார்.

தீ, போரிலிருந்து ஆட்டுக் கொட்டகைக்குத் தாவியது.

மல்லாட்டை அதற்குள் வாளியோடு கிணற்றடியில் நின்றார்.

நான் படலைத் திறந்து ஆடுகளை வெளியே ஓட்டினேன். அப்பாடா என்று திரும்பினால், அத்தனையும் மறுபடி கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தன! பயந்தால் கொட்டகைக்கு ஓட வேண்டும், இந்த ஆடுகளுக்கு அந்த ஒரு புத்திதான். கொட்டகையே எரிந்தாலும் சரி.

மறுபடி ஓட்டினேன். மறுபடி போயின. ஒன்று, எரிகிற கம்பத்தின் பக்கத்தில் நின்று நிதானமாக அசைபோட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சிரிப்பும் வந்தது.

மல்லாட்டை ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினார். ஒரு பக்கம் அணைந்தது. இந்த முறை ஆடுகளை வெளியே தள்ளிய கையோடு படலைச் சாத்திவிட்டேன்.

சினை ஆடு மட்டும் உள்ளே நின்றது.

அதை விட மனசு வரவில்லை. உள்ளே புகுந்தேன். தள்ளினேன், இழுத்தேன். அது அசையவில்லை. என் பொம்மையின் தலைக்கு மேலே கூரை சிவந்தது. இந்த விளையாட்டில் செத்தால் செத்ததுதான், திரும்ப எழுப்ப முடியாது.

"செல்வி, ஆட்ட வுடும்மா! ஜல்தி வெளிய வா, கூர வுழப்போவுது!"

குரல் போனிலிருந்து வரவில்லை. கூடத்திலிருந்து வந்தது.

என் மாமனார் துரைக்கண்ணு. மகன் வேற்றுச் சாதியில் பெண் எடுத்துவிட்டான் என்ற கோபத்தில், நான் இந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். இன்னும் சோறு வேண்டுமென்றால்கூட, தட்டை என் பக்கம் நகர்த்தி வைப்பாரே தவிர வாய் திறக்க மாட்டார்.

விளையாட்டில் என் பெயர் ரோஜா. செல்வி என்று அதில் எங்கேயும் இல்லை.

வெளியே பாய்ந்தேன். நான் விட்டு ஓடியதும் சினை ஆடு என் பின்னாலேயே ஓடி வந்தது. எங்களுக்குப் பின்னால் கூரை சரிந்தது.

திரையில் மல்லாட்டை வாளியும் கையுமாக அசையாமல் நின்றார்.

அவர் மறுபடி பேசாதவராக ஆகிவிடுவதற்குள், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"வந்துட்டேன் மாமா!"