காலில்லாத மேடை

"காலே இல்லாம எப்படிங்கய்யா நிக்கும்? ரெண்டு கால் அடிச்சுப் பூமியில ஊனிட்டா, எத்தனை பேர் ஏறினாலும் அசையாதுங்க."

"வேண்டாம் அன்பரசு. எட்டுப் பேர் தாங்கினாப் போதும். ஆனா அந்தரத்துல நிக்கோணும்."

வெங்கடாசலம் சொன்னால் சொன்னதுதான். நாமக்கல்லில் இருபது வருடமாக லாரிக்குப் பாடி கட்டும் அன்பரசுக்கு இப்படி ஒரு வேலை வந்ததில்லை. அறுவடை இயந்திரம் ஏற்றிப்போன பழைய கூண்டு டிரெயிலர் அது. அதன் பின்பக்கச் சாய்தளமான ராம்ப் தரைவரை சரியாமல், டிரெயிலரின் மட்டத்திலேயே படுக்கையாக நிற்க வேண்டும். மேலே தேக்குப் பலகையும் ஓரத்தில் கைப்பிடிக் கம்பியும் வைத்து, நாற்காலி போட்டு உட்காரும் தளமாக்க வேண்டும். ஏரிக்கரையில் நிறுத்திக் காற்று வாங்கப் போகிறார் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள்.

மதியம் அவர் மனைவி பாப்பாயி பட்டறைக்கே வந்துவிட்டார். பளபளக்கும் பலகையை ஏற இறங்கப் பார்த்தார்.

"விடிஞ்சா தனப்பிரியாவுக்குக் கல்யாணமுங்க. அப்பனில்லாத புள்ளைக்குத் தாரை வார்க்கப் பெரியப்பன் வேண்டாமா? வேத்தாளு எவனையாச்சும் கூப்பிட்டுக்கட்டும், நீங்க லாரிப்பொட்டியில உக்காந்து டீ குடிங்க."

"கோயில்ல சத்தியம் பண்ணினவன் நான்."

பதினெட்டு வருடத்துக்கு முன், பாகப் பிரிவினைச் சண்டையில் தம்பி மயில்சாமிக்கு எதிராகக் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம். அதிலிருந்து விடுவிக்கத் தம்பி இப்போது உயிரோடு இல்லை. சித்திரையில் அவர் இறந்தபோதுகூட வெங்கடாசலம் அந்த வீட்டுக்குப் போகவில்லை. சுடுகாட்டில் காத்திருந்து அழுதார். மகளின் கல்யாணம் தன் தோட்டத்துப் பந்தலில்தான் நடக்க வேண்டும் என்பது மயில்சாமியின் கடைசி ஆசை.

மாலையில் ராம்ப்பை இறக்கிப் பார்த்தார்கள். கூண்டிலிருந்து அதைப் பிடித்திருந்த இரண்டு சங்கிலிகளும் இறுகின. இடுப்பளவு உயரத்தில், அடியில் ஒரு தாங்கலும் இல்லாமல், தளம் அப்படியே நின்றது. எட்டுப் பேர் ஏறினார்கள். ஓரத்தில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பில் ஓர் அலைகூட எழவில்லை. பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்றது. தன் கையால் செய்ததை அன்பரசே சுற்றிவந்து பார்த்தான்.

விடிகாலையில் அவனே வண்டியை ஓட்டினான். ராசிபுரம் தாண்டியதும், பக்கத்தில் இருந்த வெங்கடாசலம் ஏரிப் பக்கம் திரும்ப வேண்டாம், நேராகப் போ என்றார். கொஞ்ச தூரத்தில் வாழைமரம் கட்டிய பந்தல் தெரிந்தது.

"பந்தலைப் பாத்துப் பின்னால எடு. சக்கரம் பஞ்சாயத்து ரோட்டை உட்டு இறங்கக் கூடாது."

சங்கிலிகள் இறங்கின. வேலியைத் தாண்டி, தோட்டத்துக்குள் நீண்டு, பந்தலின் விளிம்பில் தளம் நின்றது. நாதசுரம் பாதியில் ஓய்ந்தது. ரோட்டிலிருந்து கூண்டுக்குள் ஏறிய வெங்கடாசலம், பட்டு வேட்டியும் நிமிர்ந்த முதுகுமாகப் பலகை மேல் நடந்து வந்தார். பந்தலே எழுந்து நின்றது. முன்பே கல்யாணத்துக்கு வந்திருந்த பாப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் தம்பி மண்ணுல என் காலடி படாதுன்னுதான் சத்தியம். இன்னிக்கும் படலை," என்றார் வெங்கடாசலம். "பொண்ணையும் மாப்பிள்ளையையும் மேல கூட்டியாங்க சாமி. தாரை வார்க்கோணும்."