அழைப்பிதழும் சூரியப் புயலும்

பொங்கோல் வட்டாரத்தில், மாப்பிள்ளை வீட்டில் அன்று இருந்தவர்கள் மாப்பிள்ளையின் அப்பா தங்கராஜு, அவர் மனைவி லீலா, பெண்ணின் அப்பா நடேசன், அவருடைய இளைய மகள் தாரணி. கல்யாண அழைப்பிதழில் எந்தக் குடும்பத்தின் பெயர் முதலில் வருவது என்பதை அன்றாவது முடிவு செய்தாக வேண்டும். மாப்பிள்ளை பிரேமும் பெண் வைஷாலியும் இன்னும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

"உங்க மகன் எங்கே, சம்பந்தி?" என்றார் நடேசன்.

தங்கராஜு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சூரியப் புயல், சம்பந்தி. பேப்பர்லயே வந்திருக்கு. விமான ரேடியோவே கரகரங்குதாம். என் மகன் என்ன செய்வான்?"

"அதேதான். என் மகளுக்கும் லைன் போகலை."

"அங்கிள், அது விமானம், கப்பல் ரேடியோவைத்தான் கெடுக்கும் லா," என்றாள் தாரணி. "நம்ம போனுக்கு ஒண்ணும் ஆகாது."

"பெரியவங்க பேசும்போது குறுக்க வராதே!" என்று இரண்டு அப்பாக்களும் சேர்ந்தே அதட்டினார்கள். மூன்று மாதச் சண்டையில் அவர்கள் ஒத்துப்போனது அன்றுதான் முதல் தடவை.

அப்போது லீலாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. திருமணப் பதிவாளர் முன்னால் பிரேமும் வைஷாலியும் மாலையும் கழுத்துமாக நின்றார்கள்.

"உனக்குத் தெரியுமா?" தங்கராஜு லீலாவின் பக்கம் திரும்பினார்.

"போன வாரமே போன் பண்ணிச் சொல்லிட்டான். உங்க ரெண்டு பேரையும் இங்கேயே உட்கார வைக்கிறதுதான் என் வேலை," என்றாள் லீலா.

அப்பாக்களை அழைக்காமலே கல்யாணம் நடந்துவிட்டதாகத் தேக்கா சந்தையில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய் என்கிறார்கள் இரண்டு அப்பாக்களும். அழைத்தார்கள். சூரியப் புயலால் லைன் கிடைக்கவில்லை.